பிரெஞ்ச்ல மாஸ்டர்ஸ் பண்ணப்போறீங்களா? கடைசி செமஸ்டர்ல இருந்து ஆரம்பிங்க

பிரெஞ்ச்ல மாஸ்டர்ஸ் சேரணும்னு வர்றவங்க பெரும்பாலும் கேக்கறது ரெண்டே கேள்விதான், எந்த லெவல் சர்டிஃபிகேட் வேணும், எப்போ அப்ளை பண்ணணும். ரெண்டும் கேக்கவேண்டிய கேள்விதான், ஆனா ரெண்டுமே உள்ள நுழையறதுக்கான விஷயம். டிகிரி கையில வாங்கறதுக்கு என்னென்ன செஞ்சு முடிக்கணும்னு ஆரம்பத்துலயே உக்காந்து பாக்கறவங்க ரொம்பக் கம்மி, பாதிப் படிப்பு தாண்டினப்புறம்தான் பலருக்கும் தெரியவருது, பெரிய புத்தக லிஸ்ட் ஒண்ணு இருக்கு அதுல இருந்து பரீட்சை இருக்கு, இல்லன்னா நூறு பக்கத்தை ஒட்டி பிரெஞ்ச்லயே ஒரு ஆய்வு எழுதணும்னு. அந்த நேரத்துல தெரிஞ்சு என்ன பிரயோஜனம், நாள் போயிடும். அதனால நான் இதை முடிவுல இருந்து முன்பக்கமா சொல்லிட்டு வர்றேன், கடைசியா என்ன குடுக்கணும், அதுக்கு என்ன தெரிஞ்சிருக்கணும், அதைக் கத்துக்க எந்த கோர்ஸ் எடுக்கணும், அப்புறம்தான் அப்ளிகேஷன்.

முதல்ல ஒரு விஷயம், எந்த நாட்டுல படிச்சாலும் டிகிரி குடுக்க அவங்க பாக்கறது நாலுதான். இத்தனை கிரெடிட் முடிச்சிருக்கணும், இந்த மார்க்குக்குக் கீழ போகக்கூடாது, கடைசியில ஒரு பெரிய வேலை செஞ்சிருக்கணும், மொழி சம்பந்தமா அவங்க வச்சிருக்கற நிபந்தனையை முடிச்சிருக்கணும். அளவுதான் இடத்துக்கு இடம் மாறும். நீங்க பாத்துவச்சிருக்கற டிபார்ட்மென்ட்டோட வெப்சைட்ல ஸ்டூடண்ட் ஹேண்ட்புக்னு ஒரு பிடிஎஃப் இருக்கும், பிரான்ஸ்ல இருக்கற யூனிவர்சிட்டின்னா அதுக்கு ப்ரோஷூர்னு பேர் வச்சிருப்பாங்க, அட்மிஷன் பக்கத்தைப் படிக்கறதுக்கு முன்னாடி அதை முழுசா படிங்க. கலர் போட்டோ போட்ட பக்கங்கள்ல இல்லாத விஷயமெல்லாம் அதுலதான் இருக்கும்.

எந்த மாதிரி மாஸ்டர்ஸ்னு முடிவு பண்றது

பிரெஞ்ச் எம்.ஏ.ன்னு பொதுவா சொல்லிடறோம், உள்ள போய்ப் பாத்தா அஞ்சாறு வேற வேற படிப்பு இருக்கு. இலக்கியம் ஒண்ணு, மத்தியகாலத்துல இருந்து இன்னைக்கு வரைக்கும். பிரெஞ்ச் ஸ்டடீஸ்னு சொல்றது இன்னொண்ணு, இதுல நாவலும் இருக்கும் வரலாறும் இருக்கும் அரசியல், சினிமா, காலனி காலம், குடியேற்றம் எல்லாம் கலந்து இருக்கும், நியூயார்க் யூனிவர்சிட்டியில இருக்கற இன்ஸ்டிட்யூட் ஆஃப் ஃப்ரெஞ்ச் ஸ்டடீஸ் இந்த வகைக்கு நல்ல உதாரணம், அங்க வரலாறும் சமூகவியலும்தான் முதுகெலும்பு. மூணாவது மொழியியல். நாலாவது மொழிபெயர்ப்பு. அஞ்சாவது எஃப்எல்இ, அதாவது பிரெஞ்சை வெளிநாட்டு மொழியா சொல்லிக்குடுக்கறதுக்கான படிப்பு, டீச்சரா போகணும்னு ஆசைப்படறவங்க கண்ணைமூடிக்கிட்டு இலக்கியத்துல சேர்ந்துடறாங்க, அவங்களுக்கு எஃப்எல்இதான் பொருத்தம், இதுல வகுப்பறையில நின்னு சொல்லிக்குடுக்கற இன்டர்ன்ஷிப்பும் சேர்ந்தே வரும்.

இப்போ பிரெஞ்ச்னா பிரான்ஸ் மட்டும்னு நினைக்காதீங்க. கரீபியன், வட ஆப்பிரிக்காவுல இருக்கற மக்ரெப் நாடுகள், மேற்கு ஆப்பிரிக்கா, கனடாவோட கியூபெக் எல்லாமே பாடத்துக்குள்ள இருக்கு. செனகல் நாட்டு கவிஞரும் முன்னாள் ஜனாதிபதியுமான செங்கோர் 1983ல பிரெஞ்ச் அகாடமிக்குத் தேர்வானார், அல்ஜீரிய எழுத்தாளர் அசியா ஜெபார் 2005ல. ஃப்ராங்கஃபோன் பேப்பர், அதாவது பிரான்சுக்கு வெளியில பிரெஞ்ச்ல எழுதினவங்களைப் பத்தின பாடம், ஒண்ணாவது கட்டாயம் எடுக்கணும்னு சொல்ற டிபார்ட்மென்ட்டும் இருக்கு. இது உங்களுக்கு நல்லதுதான், ஏன்னா ஒரு மொழியை வெளியில இருந்து கத்துக்கிட்டு அதுலயே எழுதின ஆளுங்களோட பிரச்சனை நம்மள மாதிரி பின்னாடி வந்து சேர்ந்தவங்களுக்கு உடனே புரியும்.

கடைசியில என்ன குடுக்கணும்

மூணு வகை இருக்கு. ஆய்வு எழுதறது, பெரிய பரீட்சை எழுதறது, இல்லன்னா ப்ராஜெக்ட் மாதிரி ஏதாவது செய்யறது.

பிரான்ஸ்ல ரிசர்ச் மாஸ்டர்ஸ்னா ஆய்வுதான், வேற வழி கிடையாது. அதுக்குப் பேர் மெம்வார். முதல் வருஷத்தை எம்1னு சொல்வாங்க, ரெண்டாவது எம்2. எம்1ல கொஞ்சம் சின்னதா ஒண்ணு எழுதச் சொல்வாங்க, எம்2ல அது பெருசாகும், பொதுவா நூறு பக்கத்தை ஒட்டி வரும். எழுதிக் குடுத்ததும் சூத்னான்ஸ்னு ஒரு வாய்மொழித் தேர்வு, உங்க கைடும் இன்னொரு ப்ரொஃபசராவது உக்காந்திருப்பாங்க, நீங்க கொஞ்ச நேரம் பேசணும், அப்புறம் அவங்க கேள்வி. மார்க் 20க்கு போடுவாங்க, 10 வாங்கினா பாஸ், 12க்கு அஸ்ஸே பியான் (ஓரளவு நல்லது), 14க்கு பியான் (நல்லது), 16க்கு த்ரே பியான் (ரொம்ப நல்லது). நூத்துக்குத் தொண்ணூறு வாங்கியே பழகின ஆளுங்க 13 மார்க்கைப் பாத்து அழுவாங்க, அழவேண்டாம், அது அங்க நல்ல மார்க். 20க்கு 18 எல்லாம் இலக்கியத்துல அபூர்வமா வர்றது.

அமெரிக்காவுல பெரும்பாலான இடங்கள்ல ரெண்டு பாதை இருக்கும், தீசிஸ் இருக்கற பாதை, தீசிஸ் இல்லாத பாதை. ரெண்டாவதுல போனா காம்ப்ரிஹென்சிவ் எக்ஸாம் எழுதணும், டிபார்ட்மென்ட் ஒரு ரீடிங் லிஸ்ட் குடுக்கும், அதுல பதினோராம் நூற்றாண்டு வீரகாவியத்துல ஆரம்பிச்சு இப்போ எழுதிட்டு இருக்கறவங்க வரைக்கும் இருப்பாங்க, 2022ல நோபல் வாங்கின அன்னி எர்னோ வரைக்கும் லிஸ்ட் நீண்டுடுச்சு. பல மணிநேரம் பிரெஞ்ச்ல எழுதணும், அதுக்கப்புறம் வாய்மொழி. இங்க ஒரு உண்மையைச் சொல்லணும், தீசிஸ் இல்லாததுதான் சுலபம்னு எல்லாரும் நினைக்கறாங்க, எனக்கு அப்படித் தோணல. தீசிஸ்ல ஒரே விஷயத்தை ஆழமா தோண்டணும், எக்ஸாம்ல எல்லா நூற்றாண்டும் தலையில இருக்கணும், எது உங்க மனசுக்கு ஒத்துவருதோ அதுதான் உங்களுக்குச் சுலபம். பிஹெச்டி போற எண்ணம் இருந்தா மட்டும் தீசிஸ் பக்கம் சாயுங்க, அப்ளை பண்ணும்போது காட்ட ஒரு உருப்படியான எழுத்து கையில இருக்கும்.

ரீடிங் லிஸ்ட் இருக்கற படிப்புன்னா அந்த லிஸ்ட்டை சேர்றதுக்கு முன்னாடியே கேட்டு வாங்கிடுங்க. பல டிபார்ட்மென்ட் வெப்சைட்லயே போட்டிருக்கும். கோர்ஸ்ல வர்ற புத்தகம் தானா முடிஞ்சிடும், கோர்ஸ்ல வராம விட்டுப்போற பதினாறாம் பதினேழாம் நூற்றாண்டு புத்தகங்கள்தான் கடைசி மாசத்துல கழுத்தைப் பிடிக்கும், அந்த பிரெஞ்ச் ஸ்பெல்லிங்கே வேற மாதிரி இருக்கும், ஒரு பக்கத்துக்கு எவ்வளவு நேரம் ஆகும்னு படிச்சுப் பாத்தாதான் தெரியும். லீவ்ல அதுங்களை முதல்ல முடிச்சிடுங்க.

கிரெடிட் கணக்கு

இது குழப்பமா தெரியும், குழப்பம் இல்ல. ஐரோப்பாவுல மாஸ்டர்ஸ்னா பொதுவா 120 இசிடிஎஸ், அதாவது ஐரோப்பியக் கிரெடிட், நாலு செமஸ்டர், செமஸ்டருக்கு 30. அதுக்கு முன்னாடி லிசான்ஸ், அதாவது இளங்கலை, 180. அமெரிக்காவுல 30ல இருந்து 36 கிரெடிட் வரைக்கும் சாதாரணமா இருக்கும், ஒரு கோர்ஸ் 3 கிரெடிட், அப்போ பத்துல இருந்து பன்னிரண்டு கோர்ஸ், ரெண்டு வருஷம். இங்கிலாந்துல 180 கிரெடிட், ஒரே வருஷம், அதுல 60 டிசர்ட்டேஷனுக்கே போயிடும். கியூபெக்ல 45. இந்த எண்களை ஒண்ணோட ஒண்ணு ஒப்பிடாதீங்க, ஒரு கிரெடிட்னா எவ்வளவு வேலைன்னு ஒவ்வொரு ஊர்லயும் கணக்கு வேற.

மார்க் நிபந்தனை, அமெரிக்காவுல பொதுவா பி ஆவரேஜ், 4க்கு 3.0. சி வாங்கின கோர்ஸை பல இடங்கள்ல டிகிரிக்குக் கணக்குல எடுக்க மாட்டாங்க, அப்படி ஒரு சி வந்துட்டா அந்த 3 கிரெடிட்டை வேற கோர்ஸ் எடுத்து நிரப்பணும்னு தெரிஞ்சு வச்சுக்கோங்க.

கோர்ஸ் எடுக்கும்போது வகைப்படுத்தி எடுக்கச் சொல்வாங்க, 1800க்கு முன்னாடி உள்ளது ரெண்டு, பின்னாடி உள்ளது ரெண்டு, தியரி ஒண்ணு, இந்த மாதிரி. புதுசா சேர்றவங்க முதல் செமஸ்டர்லயே இருபதாம் நூற்றாண்டு கோர்ஸா பாத்து நிரப்பிடறாங்க, படிக்க எளிமையா இருக்கும்னு. அப்புறம் பழைய காலத்து கோர்ஸ் எப்போ போடறாங்களோ அப்போதான் எடுக்க முடியும், சில கோர்ஸ் ரெண்டு வருஷத்துக்கு ஒருதடவைதான் நடக்கும், அதைத் தவறவிட்டா ஒரு செமஸ்டர் தள்ளிப்போகும். அதனால கஷ்டமான கட்டாய கோர்ஸ் கண்ணுல பட்டதும் எடுத்துடுங்க.

மொழி லெவல், சர்டிஃபிகேட்

ஐரோப்பிய அளவுகோல் ஏ1ல இருந்து சி2 வரைக்கும். பிரெஞ்ச்ல மாஸ்டர்ஸ் பண்ண பி2 குறைஞ்சபட்சம், இலக்கியம்னா சி1 கேப்பாங்க, கேக்கலன்னாலும் சி1 இல்லாம மூச்சு முட்டும். பிரெஞ்ச் அரசு குடுக்கற சர்டிஃபிகேட்ல டெல்ஃப் பி2 வரைக்கும், அதுக்கு மேல டால்ஃப் சி1, சி2, இந்த சர்டிஃபிகேட்டுக்கு காலாவதி கிடையாது. டிசிஎஃப் பரீட்சை எழுதினா அது 2 வருஷம்தான் செல்லும், அதனால தேதி பாத்து எழுதுங்க.

டால்ஃப் சி1 நாலு பகுதி, ஒவ்வொண்ணும் 25 மார்க், மொத்தம் 50 வாங்கினா பாஸ், ஆனா எந்தப் பகுதியிலயும் 5க்குக் கீழ போகக்கூடாது. எழுத்துப் பகுதி ரெண்டரை மணிநேரம், அதுல சிந்தேஸ்னு ஒண்ணு இருக்கு, ரெண்டு மூணு கட்டுரை குடுப்பாங்க, அதுல உள்ள கருத்துகளைச் சேர்த்து ஏறக்குறைய 220 வார்த்தையில எழுதணும், உங்க சொந்தக் கருத்து ஒரு வரிகூட வரக்கூடாது, கட்டுரைகள்ல இல்லாத தகவலும் வரக்கூடாது. நல்லா பிரெஞ்ச் பேசற ஆளுங்களே இதுல மார்க் விடறாங்க, ஏன்னா இங்க சோதிக்கறது நீங்க படிச்சதை ஒழுங்குபடுத்தத் தெரியுதான்னுதான். மாஸ்டர்ஸ் முழுக்க நீங்க செய்யப்போறதும் அதே வேலைதான்கறதால, சர்டிஃபிகேட் கட்டாயம் இல்லாத யூனிவர்சிட்டியா இருந்தாலும் இந்த சிந்தேஸை மட்டுமாவது பயிற்சி பண்ணிட்டுப் போங்க.

இன்னொரு மொழியும் கேக்கலாம். ஜெர்மன், இத்தாலியன், லத்தீன் இந்த மாதிரி ஏதாவது ஒண்ணுல படிச்சுப் புரிஞ்சுக்கற அளவுக்காவது தெரிஞ்சிருக்கணும்னு சில டிபார்ட்மென்ட்ல விதி உண்டு, பிஹெச்டிக்கு இது சகஜம், எம்.ஏ.வுக்கும் சில இடத்துல இருக்கு. தமிழையோ வேற தாய்மொழியையோ ஏத்துக்குவாங்களான்னு கேட்டுப்பாருங்க, உங்க ஆய்வுக்கு அது பயன்படும்னு காட்ட முடிஞ்சா சில சமயம் ஒத்துக்குவாங்க. வாயைத் திறந்து கேக்கறதுல தப்பே இல்ல.

மூணு விதமான எழுத்து, இதுலதான் எல்லாமே இருக்கு

இந்தப் பகுதியை நிதானமா படிங்க. பிரெஞ்ச் கல்வியில எக்ஸ்ப்ளிகாசியோன் த தெக்ஸ்த், கொமாந்தேர் கொம்போசே, திஸெர்தாசியோன்னு மூணு பயிற்சி இருக்கு, பிரான்ஸ்ல பள்ளிக்கூடத்துலயே இதையெல்லாம் பழக்கிடுவாங்க, வெளியில இருந்து வர்ற நமக்கு யாரும் சொல்லிக்குடுத்திருக்க மாட்டாங்க, ஆனா மாஸ்டர்ஸ் வகுப்புல தெரிஞ்சிருக்கும்னு நினைச்சுக்கிட்டு ப்ரொஃபசர் பாட்டுக்குப் போயிடுவார்.

முதலாவது, ஒரு சின்ன பகுதியை எடுத்து வரிவரியா விளக்கறது. ரெண்டாவது, அதே மாதிரி பகுதிதான், ஆனா வரி வரிசையில போகாம ரெண்டு மூணு கருத்துத் தலைப்புல அடுக்கணும். மூணாவது, ஒரு கேள்வியையோ மேற்கோளையோ குடுத்து வாதம் பண்ணச் சொல்றது, பகுதி பகுதியா பிரிச்சு, முன்னுரையில பிரச்சனை என்னன்னு சொல்லி, எப்படிப் போகப்போறீங்கன்னு அறிவிச்சிட்டு எழுதணும்.

ஒரு உதாரணம் காட்டறேன். ஃப்ளோபேர் எழுதின மதாம் பொவாரி, 1857ல புத்தகமா வந்தது, ஏறக்குறைய எல்லா லிஸ்ட்லயும் இருக்கும். முதல் காட்சி ஒரு வகுப்பறை, சார்ல்னு ஒரு புதுப் பையன் வர்றான், விநோதமா ஒரு தொப்பி போட்டிருக்கான், பசங்க சிரிக்கறாங்க. இதைப் பத்தி எழுதச் சொன்னா புதுசா வந்தவங்க எழுதறது "சார்ல் கிராமத்துப் பையன், கூச்ச சுபாவம், எல்லாரும் கேலி பண்றாங்க, ஆசிரியர் அவன் மேல இரக்கம் காட்டறார்". இது கதைச்சுருக்கம். மார்க் வராது. இப்போ அதே பக்கத்தை மறுபடி பாருங்க, கதை "நாங்க"ன்னு ஆரம்பிக்குது. யார் இந்த நாங்க? வகுப்புல உக்காந்திருக்கற பசங்கள்ல ஒருத்தனா? அப்போ அவனுக்கு சார்லோட அப்பா அம்மா கல்யாணக் கதை எல்லாம் எப்படித் தெரியும்? அதைவிட முக்கியம், முதல் அத்தியாயம் தாண்டினா இந்த நாங்க காணாமலே போயிடுது, மீதி நாவல் முழுக்க எங்கேயோ தூரத்துல நிக்கற ஒரு குரல் கதை சொல்லுது. ஏன் அப்படி ஆரம்பிச்சார், ஏன் விட்டார்? இந்தக் கேள்வியைக் கேட்டுட்டீங்கன்னா தொப்பியைப் பத்தின அந்த நீளமான வர்ணனையும் வேற மாதிரி தெரிய ஆரம்பிக்கும், ஏன்னா அந்தத் தொப்பியைப் பாக்கறது அந்தக் கூட்டத்தோட கண்ணு, கேலி பண்றதும் அந்தக் கூட்டம், படிக்கற நம்மளையும் ஃப்ளோபேர் அந்தக் கூட்டத்தோட உக்கார வச்சிடறார்.

என்ன நடக்குதுன்னு சொல்றதை நிறுத்திட்டு யார் சொல்றா, எந்தக் காலவினையில சொல்றா, எங்க நிறுத்தறான்னு பாக்க ஆரம்பிச்சாதான் எக்ஸ்ப்ளிகாசியோன் ஆகுது. இதுக்கு சி2 பிரெஞ்ச் வேணும்னு இல்ல, ஒரே பக்கத்தை அலுக்காம நாலுதடவை படிக்கற பொறுமை வேணும். வாரத்துக்கு ஒரு பக்கம்னு எடுத்துக்கிட்டு, முதல்ல கையில பென்சிலோட வினைச்சொல்லை எல்லாம் அடிக்கோடு போடுங்க, எங்க பாஸே சிம்ப்ள் இருக்கு, எங்க திடீர்னு ஆம்பர்ஃபே வருதுன்னு பாருங்க (ரெண்டும் பிரெஞ்ச்ல இறந்தகாலத்தோட வகைகள்), மாற்றம் வர்ற இடத்துலதான் பெரும்பாலும் விஷயம் இருக்கும்.

தலைப்பும் கைடும்

தீசிஸ், மெம்வார் எழுதறவங்களுக்கு தலைப்பு தேடறதுதான் முதல் பெரிய முட்டு. "ஃப்ளோபேர் நாவல்கள்ல பெண்கள்"ன்னு ஒருத்தர் கொண்டுவந்தா எந்த கைடும் வேண்டாம்னுதான் சொல்வாங்க, அது வாழ்நாள் வேலை. ப்ரோப்ளெமாதிக் வேணும், அதாவது ஒரே ஒரு கேள்வி, பதில் ஆமா இல்லன்னு முடியாத கேள்வி, நூறு பக்கத்துக்குள்ள அடங்கற கேள்வி.

அதே நாவலையே எடுத்துக்கலாம். 1857 ஜனவரி கடைசியில ஃப்ளோபேர் மேல ஒழுக்கக்கேடுன்னு வழக்கு நடந்துச்சு, பிப்ரவரியில விடுதலை. அதே வருஷம் ஆகஸ்ட்ல கவிஞர் போத்லேர் மேல வழக்கு, அவருக்கு அபராதம் போட்டு ஆறு கவிதையைத் தடை பண்ணிட்டாங்க, அந்தத் தீர்ப்பு ரத்தானது 1949லதான். ரெண்டு வழக்குலயும் அரசு வக்கீல் ஒரே ஆள், எர்னெஸ்ட் பினார். ஃப்ளோபேர் வழக்குல பினார் வைச்ச முக்கியமான வாதம் என்னன்னா, இந்தப் புத்தகத்துல நாயகி எம்மாவைக் கண்டிக்கற ஒரு பாத்திரம்கூட இல்லையேன்னு. கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க, மேல நாம கேட்ட "யார் சொல்றா"ங்கற கேள்வியைத்தான் அவரும் கோர்ட்ல கேட்டிருக்கார், நாம அதைப் பாராட்டறோம், அவர் அதைக் குற்றம்னார். இப்போ தலைப்பு இப்படி மாறும்: "கதைசொல்லி ஒதுங்கி நிக்கறதை அரசு வக்கீல் எப்படி குற்றத்துக்கு ஆதாரமா ஆக்கினார், எதிர்த்தரப்பு வக்கீல் அதுக்கு எப்படி பதில் சொன்னார்". படிக்கவேண்டியது ஒரு நாவல், ரெண்டு கோர்ட் உரை, அந்தக் காலத்துப் பத்திரிகை. இலக்கியமும் இருக்கு, சட்ட வரலாறும் இருக்கு, பிரெஞ்ச் ஸ்டடீஸ்னு சொல்றதுக்கு இதைவிடப் பொருத்தம் என்ன. இந்த வழக்கைப் பத்தி ஏற்கனவே நிறைய எழுதியாச்சு, அதனால இதையே தூக்கிட்டுப் போகாதீங்க, கேள்வியை எப்படிச் சுருக்கறதுன்னு பாக்கத்தான் சொன்னேன்.

பொருள் எல்லாம் எங்க கிடைக்கும்னா, பிரான்ஸ் தேசிய நூலகத்தோட காலிகா, 1997ல இருந்து இருக்கு, பழைய புத்தகம், பத்திரிகை, கையெழுத்துப் பிரதி எல்லாம் இலவசமா பாக்கலாம், பத்தொன்பதாம் நூற்றாண்டுல வேலை பண்றவங்களுக்கு அது தங்கச் சுரங்கம். ஆய்வுக் கட்டுரைக்கு பெர்சே, ஓப்பன்எடிஷன், கெர்ன்ங்கற தளங்கள். பிஹெச்டி ஆய்வுகளைத் தேட தேஸ் டாட் எஃப்ஆர், உங்க தலைப்புல யாராவது ஏற்கனவே வேலை பண்ணிட்டு இருக்காங்களான்னு அங்க பாத்துடலாம். மாணவர்கள் எழுதின மெம்வார் பலது துமாஸ்ங்கற தளத்துல இருக்கு, நல்ல மார்க் வாங்கின ஒண்ணு ரெண்டை இறக்கிப் படிச்சா அத்தியாயம் எப்படிப் பிரிக்கறாங்கன்னு நல்லா பிடிபடும். சொல்லுக்கு அர்த்தம் பாக்க கூகுள் பண்ணாதீங்க, த்ரேசோர் த லா லாங் ஃப்ரான்சேஸ் அகராதி இணையத்துல இலவசம், பத்தொன்பது இருபதாம் நூற்றாண்டு எழுத்தாளர்கள் அந்தச் சொல்லை எப்படி எல்லாம் பயன்படுத்தினாங்கன்னு உதாரணத்தோட இருக்கும். அடிக்குறிப்புக்கு முதல் நாள்ல இருந்தே ஜோடெரோங்கற சாஃப்ட்வேர் போட்டுக்கோங்க.

கைடு விஷயத்துல பேரைப் பாத்துப் போகாதீங்க. அவங்க கடைசியா என்ன எழுதினாங்க, இப்போ எத்தனை மாணவர்களைப் பாத்துக்கறாங்க, அடுத்த வருஷம் ஊர்ல இருப்பாங்களா, இல்ல ஆய்வு விடுப்புல போறாங்களான்னு கேளுங்க. மெயில் அனுப்பும்போது பிரெஞ்ச்ல, மரியாதையா, "மதாம்" "மொசியோ"ன்னு ஆரம்பிச்சு, ஒரு பத்தியில நீங்க யாரு, ஒரு பத்தியில உங்க கேள்வி என்ன, எந்த நூல்களை வச்சு பாக்கப்போறீங்க, அவ்வளவு போதும். பேர் தெரிஞ்சதுனால "ஹாய்"னு ஆரம்பிக்கறது அங்க எடுபடாது. பதில் வர ரெண்டு மூணு வாரம் ஆகலாம், அதுக்குள்ள தினமும் ஞாபகப்படுத்திட்டு இருக்காதீங்க.

அப்ளிகேஷன்

மேல சொன்னதெல்லாம் கொஞ்சமாவது தெளிவான அப்புறம் இதுக்கு வாங்க, பாதி வேலை தானா முடிஞ்சிருக்கும். கேக்கறது பொதுவா இதுதான்: மார்க் ஷீட், மோட்டிவேஷன் லெட்டர், ப்ரொஃபசர்கள் கிட்ட ரெண்டு மூணு சிபாரிசுக் கடிதம், மொழி சர்டிஃபிகேட், பிரெஞ்ச்ல நீங்க எழுதின ஒரு கட்டுரை. ரிசர்ச் மாஸ்டர்ஸ்னா ப்ராஜெக்ட் ரெண்டு மூணு பக்கம்.

இதுல கட்டுரைதான் உயிர், பத்து பதினஞ்சு பக்கம் இருக்கும், கமிட்டி அதைப் படிச்சுதான் உங்களை எடைபோடும். இளங்கலையில எழுதினதை அப்படியே அனுப்பாதீங்க, எடுத்துத் திருத்தி, வாதத்தைக் கூர்மையாக்கி, பிரெஞ்ச் நல்லா தெரிஞ்ச ஒருத்தர் கிட்ட காட்டி அனுப்புங்க, ஆனா அவங்களையே எழுத வைக்காதீங்க, இன்டர்வியூவுல பேச ஆரம்பிச்ச ரெண்டாவது நிமிஷமே தெரிஞ்சிடும். மோட்டிவேஷன் லெட்டர்ல சின்ன வயசுல இருந்தே பாரிஸ் பிடிக்கும்னு எழுதறதை விட்டுட்டு, எந்தக் கேள்வி உங்களைத் தூங்கவிடாம பண்ணுது, அதுக்கு இந்த டிபார்ட்மென்ட்ல யார் பொருத்தம்னு எழுதுங்க.

இளங்கலையில பிரெஞ்ச் எடுக்காதவங்களும் சேரலாம், ஆனா இலக்கிய கோர்ஸ் எதுவுமே இல்லன்னா சில இடங்கள்ல முன்னாடி சில கோர்ஸ் முடிச்சிட்டு வாங்கன்னு சொல்வாங்க, பிரான்ஸ்ல லிசான்ஸ் மூணாவது வருஷத்துல போய் உக்காரச் சொல்றதும் உண்டு. அதை அவமானமா எடுத்துக்காதீங்க, அந்த ஒரு வருஷத்துல அந்த மூணு எழுத்துப் பயிற்சியும் கைக்கு வந்துடும்.

வழி என்னன்னா, பிரான்ஸ்ல எம்1க்கு 2023ல இருந்து மோன் மாஸ்டர்னு ஒரு தேசிய தளம் இருக்கு, ஆனா வெளிநாட்டு மாணவர்களுக்கான எத்தூத் ஆன் ஃப்ரான்ஸ்ங்கற அப்ளிகேஷன் நடைமுறை இருக்கற நாடுகள்ல குடியிருக்கறவங்க அந்த வழியாத்தான் போகணும், அதோட தேதி முன்கூட்டியே முடிஞ்சிடும், படிப்பு தொடங்கறதுக்கு ஏறக்குறைய ஒரு வருஷம் முன்னாடியே ஆரம்பிச்சிடுங்க. அமெரிக்காவுல டிசம்பர் ஜனவரியில கடைசி தேதி இருக்கும், ஒவ்வொரு யூனிவர்சிட்டிக்கும் தனித்தனியா.

பணம்

அமெரிக்க டிபார்ட்மென்ட் பலதுல டீச்சிங் அசிஸ்டன்ட் வேலை தருவாங்க, ஆரம்பநிலை பிரெஞ்ச் வகுப்பு எடுக்கணும், பதிலுக்கு ஃபீஸ் தள்ளுபடியும் மாசாமாசம் ஒரு தொகையும். அதோட சேர்ந்து மொழி கற்பிக்கும் முறை பத்தி ஒரு கோர்ஸ் கட்டாயமா வரும், அதுவும் டிகிரி கணக்குல சேருதா இல்ல தனியான்னு பாத்துக்கோங்க. பிரான்ஸ்ல அரசு யூனிவர்சிட்டி ஃபீஸை அரசாங்கம்தான் நிர்ணயிக்குது, 2019ல இருந்து ஐரோப்பிய யூனியனுக்கு வெளியில இருந்து வர்றவங்களுக்கு அதிகம், ஆனா அதுல விலக்கு குடுக்கற யூனிவர்சிட்டிங்க இருக்கு, கேட்டாதான் தெரியும். பிரெஞ்ச் அரசோட ஈஃபல் ஸ்காலர்ஷிப்புக்கு நீங்களா அப்ளை பண்ண முடியாது, யூனிவர்சிட்டிதான் உங்க பேரைப் பரிந்துரைக்கணும், அதனால அந்த டிபார்ட்மென்ட்டை சீக்கிரமே தொடர்புகொள்ளணும்.

சேர்ந்த அப்புறம் நழுவிப்போற விஷயங்கள்

படிப்பு நல்லா போகும், ஆனா ஒரு ஃபார்ம் குடுக்காம டிகிரி தள்ளிப்போனவங்க இருக்காங்க. அதனால முதல் மாசத்துலயே ஒரு பேப்பர்ல தேதி எழுதி வச்சுக்கோங்க: கைடு பேரைப் பதிவு பண்ண கடைசி நாள், தீசிஸ் தலைப்பு குடுக்கவேண்டிய நாள், இன்னொரு மொழித் தேர்வு எப்போ, காம்ப்ரிஹென்சிவ் எக்ஸாமுக்கு பேர் குடுக்கறது எப்போ. அமெரிக்காவுல பட்டம் வாங்கறதுக்கே தனியா ஒரு அப்ளிகேஷன் குடுக்கணும், எல்லா கிரெடிட்டும் முடிச்சிட்டா தானா வரும்னு நினைக்காதீங்க. வேற யூனிவர்சிட்டியில முடிச்ச கோர்ஸை மாத்திக்க வரம்பு இருக்கும், மொத்தப் படிப்பையும் இத்தனை வருஷத்துக்குள்ள முடிக்கணும்னும் இருக்கும், பகுதிநேரமா படிக்கறவங்க இதைக் கவனிக்கணும்.

மேற்கோள் எடுத்தா எங்க இருந்துன்னு பக்க எண்ணோட எழுதுங்க, ஒரு வரியா இருந்தாலும். பிரான்ஸ்ல பல இடத்துல மெம்வாரோட முதல் பக்கத்துல நகலெடுக்கலன்னு கையெழுத்துப் போட்டுத் தரணும். மெஷின்ல மொழிபெயர்த்த பத்தியை ஒட்டினா பிரெஞ்ச் தெரிஞ்சவங்களுக்கு நடையிலயே சந்தேகம் வந்துடும், அதோட எழுதி எழுதித்தான் உங்க பிரெஞ்ச் நடை உருவாகும், அதை இழந்துடாதீங்க.

சூத்னான்ஸ் அன்னைக்கு மெம்வாரோட ஒரு பிரதி கையில இருக்கட்டும், பக்கங்கள்ல ஸ்லிப் ஒட்டி வைங்க, கேள்வி கேக்கறவங்க "பக்கம் 47"ன்னு ஆரம்பிப்பாங்க, தேடிட்டு இருக்கக்கூடாது. பேசும்போது மெம்வார்ல எழுதினதையே திருப்பிச் சொல்லவேண்டாம், அவங்க ஏற்கனவே படிச்சிட்டுத்தான் வந்திருப்பாங்க, இந்தத் தலைப்புக்கு எப்படி வந்தீங்க, எதை எல்லாம் விட்டீங்க ஏன் விட்டீங்க, இன்னும் எது பாக்கி இருக்குன்னு சொல்லுங்க. பதில் தெரியாத கேள்வி வந்தா சுத்தி வளைக்காம, அந்தக் கோணத்துல நான் பாக்கலன்னு சொல்லிட்டு, பாத்திருந்தா எங்க இருந்து ஆரம்பிச்சிருப்பீங்கன்னு சொல்லுங்க. ஜூரி வெளிய போகச் சொல்லுவாங்க, அவங்களுக்குள்ள பேசிட்டு மறுபடி கூப்பிட்டு மார்க் சொல்லுவாங்க. திருத்தம் கேட்டிருந்தா செஞ்சு, கடைசிப் பிரதியை அவங்க சொன்ன தேதிக்குள்ள ஆபீஸ்ல குடுத்துட்டு, பெற்றுக்கொண்டோம்னு ஒரு மெயிலாவது கேட்டு வாங்கிடுங்க.